கடல் பக்கத்துக் கதிரை

எனக்கு இடது கை எது, வலது கை எது என்பது உடனே தெரியாது. யோசித்தால் தெரியும். யோசிப்பதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன்: சிலுவை அடையாளம் போடத் தொடங்குவேன், எந்தக் கை நெற்றியை நோக்கி எழும்புகிறதோ அது வலது. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பிரம்போடு சேர்த்துப் பதிக்கப்பட்ட பழக்கம் என்பதால் அந்தக் கை பிழைவிடுவதில்லை. மூளைதான் பிழைவிடும்.

இப்படியான ஒருவனைத்தான், முப்பத்தெட்டு வயதில், ஒரு விமானக் கம்பனி பயணிகளைக் கவனிக்கும் உதவியாளனாக வேலைக்கு எடுத்தது. கம்பனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அது இப்போது இல்லை. இருந்த காலத்திலும் அதிகம் இருந்ததாகச் சொல்ல முடியாது. சண்டை முடிந்து, பாதைகள் திறந்து, எல்லாரும் எதையாவது தொடங்கிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. கொழும்பிலிருந்து மன்னார்க் கரைக்குப் பதினெட்டுக் கதிரை உள்ள ஒரு விமானம் ஓடினால் நன்றாயிருக்கும் என்று யாரோ ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. அதற்கு முன் நான் டியூட்டரியில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். நேர்முகத் தேர்வில் என்னிடம் மூன்று மொழியிலும் ‘தயவுசெய்து பட்டியைப் பூட்டுங்கள்’ என்று சொல்லச் சொன்னார்கள். இடம் வலம் பற்றி எவரும் கேட்கவில்லை.

அவசரக் கதவுகளைக் காட்டும் நேரம்தான் சங்கடம். இரண்டு கைகளையும் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் நீட்டிவிட்டால் பிழைவிட இடமில்லை என்று கண்டுபிடித்தேன். ஆனால் ஏதாவது ஒரு பயணியை ‘உங்கள் வலது பக்கக் கதிரை’ என்று அனுப்பவேண்டி வந்தால் கை தன்பாட்டில் நெற்றிக்குப் போய்விடும். விமானம் கிளம்பும் நேரத்தில் உதவியாளன் சிலுவை போடுவதைப் பார்ப்பது பயணிகளுக்கு அவ்வளவு தெம்பு தருகிற காட்சி இல்லை. ஒருமுறை ஒரு கன்னியாஸ்திரி மட்டும் பதிலுக்குத் தானும் சிலுவை போட்டுவிட்டுச் செபமாலையை வெளியே எடுத்தார். இறங்கும்வரை அவர் அதை உள்ளே வைக்கவில்லை.

எனக்காக ஒன்று சொல்ல இருக்கிறது. எங்கள் பக்கத்தில் இடம் வலம் அதிகம் புழங்காத சொற்கள். பஸ்ஸில் ஏறினால் ‘கடல் பக்கம் இரு, காத்து வரும்’ என்பார்கள். மாதா கோயிலில் பெண்கள் இருப்பது கடல் பக்கம், ஆண்கள் இருப்பது ரோட்டுப் பக்கம். என் சித்தப்பா ஒருவர் காதுவலியோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். எந்தக் காது என்று டொக்டர் கேட்டதற்கு, கடல் பக்கத்துக் காது என்றார். அந்த டொக்டர் யாழ்ப்பாணத்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘ஐயா, நீங்கள் வீட்டுக்குப் போகேக்கை அது மற்றக் காதாப் போயிடுமே’ என்றாராம். சித்தப்பா அதை ஒரு பகிடியாக எடுத்துக்கொள்ளவில்லை. கடல் அசையாது, ஆள்தான் அசைவான் என்பது அவருடைய கட்சி.

நானும் அந்தக் கட்சிதான். அதனால் ஒருவன் வேலையை இழந்தான்.

அவன் எங்கள் விமானத்தின் மெக்கானிக். பேசாலை ஆள், என்னிலும் பத்து வயது இளையவன். எப்போதோ டியூட்டரியில் என்னிடம் மூன்று மாதம் ஆங்கிலம் படித்த குற்றத்துக்காகக் கடைசிவரை என்னை ‘மாஸ்ரர்’ என்றே கூப்பிட்டான். கையேட்டில் இருக்கும் ஆங்கிலத்தை வரிவரியாக வாசிப்பான். பேசவேண்டி வந்தால் வாயை மூடிக்கொள்வான். அது என் படிப்பித்தலின் பலன். அவனுக்கு இன்னும் எட்டு மாத வேலை அனுபவமும், அதற்குக் கம்பனி கொடுக்கும் கடிதமும் தேவையாயிருந்தன. அவை கிடைத்தால் சோதனை எழுதி, சொந்தப் பெயரில் அனுமதிப்பத்திரம் எடுக்கலாம். எடுத்தால் எந்த நாட்டிலும் வேலை. அந்த எட்டு மாதத்தை அவன் சிறைக்கைதி சுவரில் கோடு கீறுவதுபோல எண்ணிக்கொண்டிருந்தான்.

எங்கள் ஓடுபாதை மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பெரிய பாலம் தாண்டி, சிலாவத்துறைக்குப் போகும் பக்கத்தில், கரையோரமாக வடக்குத் தெற்காகக் கிடந்தது. மேற்குப் பக்கம் கடல்; கிழக்குப் பக்கம் பற்றைக் காடு. ஒரு தகரக் கொட்டகை, ஒரு தராசு, காற்றின் திசை காட்ட ஒரு காற்றுப் பை. விமானத்தை நிலத்தில் இழுத்துத் திருப்புவதற்கு நறுவிலிக்குளத்துக் கமக்காரர் ஒருவரின் உழவு இயந்திரம் வாடகைக்கு வரும். விதைப்புக் காலத்தில் அது வராது. அந்த நாட்களில் விமானம் எப்படி நிற்கிறதோ அப்படியே நிற்கும்.

விமானம் என்றால் எல்லாம் சரியாக இருந்தால்தான் பறக்கும் என்று வேலைக்குச் சேரும்வரை நினைத்திருந்தேன். அப்படியில்லை. இன்னின்ன சிறு பழுதுகளோடு பறக்கலாம் என்று ஒரு தடித்த பட்டியல் இருக்கிறது. வாசிக்கும் விளக்கு எரியவில்லையா, பறக்கலாம். ஒரு கதிரையின் இருக்கைப் பட்டி பழுதா, அந்தக் கதிரையை வெறுமையாக விட்டுப் பறக்கலாம். ஆனால் ஒழுங்கு உண்டு. மெக்கானிக் பழுதை லொக் புத்தகத்தில் கதிரையின் இலக்கத்தோடு எழுதி ஒப்பமிட வேண்டும். கதிரையில் ‘பாவிக்க வேண்டாம்’ என்ற சிவப்புத் துண்டு ஒட்ட வேண்டும். கப்டன் இரண்டையும் பார்த்துத் தானும் ஒப்பமிட வேண்டும். உதவியாளன் அந்தக் கதிரையில் எவரையும் இருத்தக்கூடாது. மூன்று பேர் பார்த்தால் ஒருவர் விட்டதை மற்றவர் பிடிப்பார் என்பது அதைக் கண்டுபிடித்தவர்களின் நம்பிக்கை. மூவரும் ஒருவரை ஒருவர் நம்பிவிட்டால் எவரும் பார்ப்பதில்லை என்பதை அவர்கள் எங்கள் ஓடுபாதைக்கு வந்து படித்திருக்கலாம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மெக்கானிக்கின் மகளுக்கு முதல் நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். பத்து மணிக்குப் பூசை. விமானம் பதினொன்றுக்கு. அவன் விடியவே வந்து எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, கை கழுவிக்கொண்டு, வெள்ளைச் சேட்டைத் தலைக்கு மேலால் போட்டபடியே கொட்டகைக்குள் வந்தான். சேட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“மாஸ்ரர், நாலாவது வரிசையில ஒரு பட்டி சரியில்லை. பூட்டுற மாதிரிப் பூட்டும். வெட்டி இழுத்தா விட்டிரும். கதிரையை அடைச்சு விடோணும்.”

“எந்தக் கதிரை?”

“கடல் பக்கம்.”

இரண்டு பேருக்கும் அது போதுமான விடையாக இருந்தது. கதிரைகளுக்கு ஏ, பி என்று எழுத்துகள் உண்டு; நாலாவது வரிசையில் அந்த எழுத்துத் தகடுகள் எப்போதோ கழன்று விழுந்துவிட்டன. அதுவும் ஒரு சிறு பழுதுதான். அதை எவரும் எழுதவேயில்லை.

அவன் லொக் புத்தகத்தைத் திறந்தான். “இலக்கம் ஏயோ பியோ? ஒருக்காப் போய்ப் பாத்திட்டு எழுதிறன்.”

“பூசைக்கு நேரம் போகுது. நீ கையெழுத்தை வைச்சிட்டுப் போ. இலக்கத்தை நான் நிரப்புறன், துண்டையும் நானே ஒட்டுறன்.”

“மறந்திடாதையுங்கோ.”

“நான் என்ன சின்னப் பிள்ளையே?”

அவன் வெறும் இடத்துக்குக் கீழே ஒப்பமிட்டான். மோட்டார் சைக்கிள் சத்தம் பற்றைக்குள் கரைந்தது. அப்போது விமானத்தின் மூக்கு வடக்கைப் பார்த்து நின்றது. அதை நான் கண்ணால் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்; கொட்டகை வாசலுக்கு நேரே அதுதான் தெரியும்.

எழும்பிப் போய் ஒட்டியிருந்தால் நாற்பது அடி நடை, இரண்டு நிமிட வேலை. ஆனால் என் மடியில் ஒரு தடித்த மொழிபெயர்ப்பு நாவல் இருந்தது. நூற்றி எழுபதாம் பக்கம். பெரிய வீடொன்றில் விருந்து. இரண்டு பேர் மேசையின் இரு முனையிலுமிருந்து ஒருவரை ஒருவர் அவமானப்படுத்திக்கொண்டிருந்தார்கள், மிகவும் மரியாதையாக. சூப்புக்கும் மீனுக்கும் நடுவில் எப்படி எழும்புவது? விருந்து முடியட்டும் என்று இருந்தேன். அந்த நாட்டு ஆட்கள் மெதுவாகச் சாப்பிடுவார்கள்.

இதற்குள் சோழகம், அந்தத் தெற்குக் காற்று, பலமாக எழும்பிவிட்டது. கப்டன் வந்து காற்றுப் பையைப் பார்த்தார். தெற்கே மூக்கை வைத்து நிறுத்தினால் புழுதியும் இராது, கிளம்பவும் லேசு என்று உழவு இயந்திரக்காரரைக் கூப்பிட்டு விமானத்தை முழுதாகத் திருப்பி நிறுத்தச் சொன்னார். உழவு இயந்திரம் இரைந்தது எனக்குக் கேட்டது. ஒருமுறை தலை நிமிர்ந்தும் பார்த்தேன். விமானத்தின் வால் போய்க்கொண்டிருந்தது. இதையெல்லாம் மறுக்க எனக்கு வழியில்லை. பார்த்துவிட்டுத் திரும்பவும் மீன் பரிமாறுகிற இடத்துக்குப் போய்விட்டேன்.

விருந்து முடிந்தது. சிவப்புத் துண்டை எடுத்துக்கொண்டு விமானத்துக்குள் ஏறினேன். நாலாவது வரிசை. ஜன்னலால் பார்த்தேன். ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் கடல். கடல் பக்கத்துக் கதிரையில் துண்டை ஒட்டினேன்.

ஒரு சந்தேகமும் வரவில்லையா என்றால், வந்தது. அதுதான் இதில் மிக மோசமான இடம். மெக்கானிக் சொன்னானே என்று அந்தக் கதிரையின் பட்டியைப் பூட்டி வெட்டி இழுத்துப் பார்த்தேன். விடவில்லை. இன்னொருமுறை இழுத்தேன். இரும்பாக நின்றது. இதை ஏன் பழுது என்கிறான் என்று நினைத்தேன். பிறகு, பாவம், அவன் எல்லாவற்றிலும் ஒரு படி கூடுதல் கவனம் என்று அவனுக்கு மனதுக்குள் ஒரு பாராட்டும் கொடுத்தேன். மற்றப் பக்கத்துக் கதிரையையும் இழுத்துப் பார்க்கலாம் என்று தோன்றவில்லை. கையில் சான்று இருந்தும் தீர்ப்பை மாற்றாதவர்களைப் பற்றி நான் எத்தனையோ புத்தகம் வாசித்திருக்கிறேன். வாசித்தது உதவும் என்று இனி எவருக்கும் சொல்லமாட்டேன்.

லொக் புத்தகத்துக்கு வந்தேன். விமானி இருக்கும் திசையைப் பார்த்து நின்று, சிலுவை போட்டு, வலது கையைக் கண்டுபிடித்தேன். கடல் வலது பக்கம். வலது என்றால் பி. ‘நாலு பி’ என்று, மெக்கானிக்கின் ஒப்பத்துக்கு மேலே, அவனுடைய எழுத்துப் போலவே சாய்த்து எழுதினேன். ஏன் சாய்த்து எழுதினேன் என்று இன்றைக்கும் தெரியாது. வரி ஒழுங்காக இருக்கட்டும் என்றுதான் இருக்கவேண்டும். கப்டன் சிவப்புத் துண்டையும் நாலு பியையும் பார்த்தார். இரண்டும் பொருந்தின. ஒப்பமிட்டார்.

என் வாழ்நாளில் நான் இடம் வலம் பிழைக்காமல் சொன்ன நாட்களில் அது ஒன்று.

பயணிகள் பதினொரு பேர். அவர்களில் ஒருவர் சிலாவத்துறை முஸ்லிம் கருவாட்டு வியாபாரி; ஐம்பத்தைந்து வயதிருக்கும், எல்லாருக்கும் ‘நானா’, அதாவது அண்ணன். மகனுக்குக் கொழும்பில் பெண் பார்த்து, இரண்டு வீட்டாரும் அன்று பின்னேரம் முதன்முதலாகச் சந்திப்பதாக ஏற்பாடு. வெள்ளைச் சாரம், அத்தர் வாசம், கையில் தொதல் என்ற இனிப்புப் பெட்டி. அவருக்குக் கொடுத்திருந்தது நாலு பி.

“தம்பி, இதில என்னவோ சிவப்பா ஒட்டிக் கிடக்கே.”

“அது சரியில்லை, நானா. இந்தப் பக்கம் இருங்கோ.”

“கடலைப் பாத்துக்கொண்டு போகலாம் எண்டு நினைச்சன்.”

“எழும்பின உடனை ரெண்டு பக்கமும் கடல்தான்.”

“அதுவும் சரி,” என்று சிரித்துக்கொண்டு காட்டுப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். பட்டியைப் பூட்டினார். டிக் என்று சத்தம் வந்தது. நான் அதைக் கேட்டேன், பார்த்தேன், தலையாட்டினேன். பூட்டுகிற மாதிரிப் பூட்டும் என்று அவன் சொல்லியிருந்தது அப்போதும் காதில் இருந்தது. அது வேறு கதிரையைப் பற்றி என்ற நினைப்பில் இருந்தது.

விமானம் ஓடத் தொடங்கி வேகம் எடுத்த நேரம் பற்றைக்குள்ளிருந்து கழுதை ஒன்று பாதைக்கு ஏறியது. மன்னாரில் கழுதைகள் எங்கும் போகும். அவற்றைக் கேட்க ஆளில்லை. ஏறிய கழுதை நடுவில் நின்று எங்களைப் பார்த்தது. கப்டன் பிரேக்கை முழுதாக அழுத்தினார். எல்லாரும் முன்னுக்குப் போய்ப் பட்டி பிடித்துப் பின்னுக்கு வந்தோம். கருவாட்டு வியாபாரி மட்டும் பின்னுக்கு வரவில்லை. முன் கதிரையின் முதுகில் முகம் மோதி, தொதல் பெட்டிக்கு மேலே குனிந்து கிடந்தார். விமானம் நின்றது. கழுதைக்கு முன்னால் இன்னும் ஏழெட்டு முழ இடம் மிச்சமிருந்தது. அது இன்னும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கடல் பக்கம் இறங்கிப் போனது.

நான் ஓடிப்போனேன். அவர் நிமிர்ந்தார். வாய் முழுக்க இரத்தம். உள்ளங்கையை விரித்துக் காட்டினார், இரண்டு முன்பற்கள்.

“தம்பி, அந்தக் கதிரை பழுதெண்டுதானே இதில இருத்தினீங்க,” என்றார். கோபமாகக் கேட்கவில்லை. விளங்காமல் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்ல லேசாக இருந்திருக்கும்.

அன்று விமானம் பறக்கவில்லை. அவரை மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பெண் வீட்டாரைச் சந்திக்க இரண்டு கிழமை கழித்துப் போனாராம், செயற்கைப் பல்லோடு. கலியாணம் நடந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். கேள்விப்பட்ட அன்று நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்றால், அது அவருக்காகப் பட்ட சந்தோஷமில்லை என்பது எனக்கே விளங்கியது.

மூன்றாம் நாள் கொழும்பிலிருந்து கம்பனி அதிகாரி ஒருவர் விசாரணைக்கு வந்தார். தமிழ் தெரியாத மனிதர், மரியாதையான ஆங்கிலம். கொட்டகைக்குள் மேசையைப் போட்டு, லொக் புத்தகத்தை முன்னால் விரித்து வைத்தார். மெக்கானிக் அவருக்கு முன்னால் நின்றான். கதிரை இருந்தது, இருக்கச் சொல்லியும் அவன் இருக்கவில்லை. கப்டன் ஓரமாகத் தன் தொப்பியின் உள்பக்கத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். நான் மொழிபெயர்ப்பாளன். அங்கே மூன்று மொழியும் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அதிகாரி கேட்டார்: பழுதான கதிரை நாலு ஏ. உன் ஒப்பத்துக்கு மேலே நாலு பி என்று இருக்கிறது. ஏன்?

மொழிபெயர்த்தேன். மெக்கானிக் என்னைப் பார்த்துச் சொன்னான்: “நான் கடல் பக்கம் எண்டு சொன்னனான். நான் போகேக்கை மூக்கு வடக்கை பாத்தெல்லோ நிண்டது.”

இரண்டு வசனம். அதற்கு மேல் அவனுக்குச் சொல்ல எதுவும் இல்லை, தேவையும் இல்லை. முதல் வசனத்தை மொழிபெயர்த்தேன்: கடல் பக்கம் என்று சொன்னதாகச் சொல்கிறான்.

இரண்டாவது வசனத்துக்கு வாயைத் திறந்தேன். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். பிறகு யார் திருப்பியது? திருப்பியபோது துண்டு ஒட்டியிருந்ததா? ஏன் ஒட்டியிருக்கவில்லை? அப்போது நீ எங்கே இருந்தாய்? நூற்றி எழுபதாம் பக்கத்தில் இருந்தேன் ஐயா. அந்தப் பதிலை எந்த மொழியில் சொன்னாலும் நன்றாயிராது. வாயை மூடிவிட்டேன்.

அதிகாரி எனக்காகக் காத்திருந்தார். அவ்வளவுதானா என்று கேட்டார். அவ்வளவுதான் என்றேன்.

கப்டன் தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டார்.

அதிகாரி பேனையை மூடினார். விமானத்துக்குள்ளே கடல் இல்லையே என்றார். பகிடியாகத்தான் சொன்னார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல் கூசுகிறது. மெக்கானிக் சிரிக்கவில்லை. அவன் அதிகாரியைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான், வகுப்பில் கரும்பலகையைப் பார்க்கிற மாதிரி.

கிழமை முடிய முன் அவனை நிறுத்திவிட்டார்கள். வெறும் இடத்துக்குக் கீழே ஒப்பமிட்டது, முறையில்லாத சொல்லில் பழுதைச் சொன்னது என்று இரண்டு காரணம். அனுபவக் கடிதம் இல்லை. எட்டு மாதம் எண்ணியவனுக்குப் பழைய இரண்டு வருடமும் சேர்ந்து போயிற்று. விசாரணை அறிக்கையில் கழுதைக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். எனக்கு ஒரு வரி: உதவியாளர் விசாரணைக்கு நன்கு ஒத்துழைத்தார்.

அடுத்த வருடம் கம்பனி தன்பாட்டில் நின்றுபோனது. நான் டியூட்டரிக்குத் திரும்பினேன். அவன் பேசாலையில் கடற்கரைக்குக் கிட்ட ஒரு கொட்டில் போட்டு, வள்ளத்து இஞ்சின்கள் திருத்தினான். நான் பேசாலைக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன். திருவிழாவுக்குக்கூடப் போகவில்லை. கேட்டவர்களுக்கு முழங்கால் நோ என்றேன். கொஞ்ச நாளில் முழங்கால் உண்மையாகவே நோகத் தொடங்கியது. பொய்யைக் காப்பாற்ற உடம்பு தன்னால் ஆனதைச் செய்தது. பாவங்களைக் குருவிடம் அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்திலும் இதைச் சொல்லிப் பார்த்தேன். இருக்கைப் பட்டி, லொக் புத்தகம், வடக்கு, தெற்கு என்று விளக்கி முடிக்கச் சுவாமிக்குக் களைத்துவிட்டது. மகனே, ஆரையும் கொலை செய்தனியோ என்று கேட்டார். இல்லை என்றேன். அப்ப மூண்டு அருள்நிறை மந்திரம் சொல்லு என்றார்.

இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் அவனே டியூட்டரி வாசலில் வந்து நின்றான். கையில் கிறீஸ் மணம். நான் கரும்பலகையை அழிப்பதில் மும்முரமானேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

“மாஸ்ரர், மாலைதீவில கடல் விமானக் கம்பனி ஒண்டு ஆள் எடுக்குது. வேலை செய்துகொண்டே அனுமதிப்பத்திரம் எடுக்கலாமாம். ஏன் முந்தின கம்பனி கடிதம் தரேல்லை எண்டு கேக்கிறாங்கள்.”

“ஓ.”

“நீங்கள் என்னோட கூட வேலை செய்தனீங்கள். அண்டைக்கு நடந்ததை இங்கிலீசில ஒரு கடிதமா எழுதித் தாங்கோ.”

“கட்டாயம்.”

அவன் போகத் திரும்பினான். பிறகு வாசலில் நின்றபடி, வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான்: “அண்டைக்கு நான் ரெண்டு வசனம் சொன்னனான் மாஸ்ரர். நீங்கள் ஒண்டைத்தான் இங்கிலீசில சொன்னியள். எனக்குக் கதைக்கத்தான் வராது, கேட்டா விளங்கும்.”

நான் கையிலிருந்த துடைப்பானைப் பார்த்தேன்.

“அந்த மற்றதை மட்டும் எழுதித் தந்தாக் காணும்,” என்றான். “வெள்ளிக்கிழமைக்கிடையில.”

நான் மூன்று நாள் எழுதினேன். அகராதி இரண்டு வைத்துக்கொண்டு எழுதினேன். கடற்கரை மக்கள் திசைகளை எப்படிச் சொல்கிறார்கள் என்பதில் தொடங்கி, சிறு பழுது என்று ஒன்று உண்டா என்ற கேள்விக்கு வந்து, மௌனமும் ஒரு மொழிபெயர்ப்புத்தான் என்ற இடத்தில் ஒரு பந்தி நின்று, மனச்சாட்சியைப் பற்றி ஒன்றரைப் பக்கம் போய், ஐந்து பக்கத்தில் முடித்தேன். முடித்துவிட்டு வாசித்தபோது என் கண் கலங்கியது. நான் அழக்கூடியவன் என்பதே எனக்குப் புதினமாக இருந்தது. வெள்ளிக்கிழமை பஸ் ஏறி, முழங்காலையும் கூட்டிக்கொண்டு, பேசாலைக்குப் போனேன்.

அவனுடைய மனைவி கச்சேரியில், அதாவது அரச அலுவலகத்தில், ஆங்கிலத் தட்டெழுத்து வேலை செய்பவள். நாள் முழுக்க மற்றவர்கள் எழுதிய கடிதங்களை அடித்து அடித்து, கடிதம் என்றால் என்ன என்பதில் அவளுக்கு ஒரு கண்டிப்பு வந்திருந்தது. எனக்குக் கதிரை போட்டு, தேத்தண்ணி தந்துவிட்டு, ஐந்து பக்கத்தையும் நின்றபடியே வாசித்தாள். அவன் பக்கத்தில் நின்று அவள் முகத்தைப் பார்த்தான். நானும் அதைத்தான் பார்த்தேன். மனச்சாட்சிப் பந்தியிலும் அந்த முகத்தில் அசைவில்லை.

“இவர் போகேக்கை பிளேன் வடக்கை பாத்து நிண்டது எண்டது எங்கை கிடக்கு, மாஸ்ரர்?” என்று கேட்டாள்.

வாங்கிப் பார்த்தேன். நாலாம் பக்கத்தில் ‘விமானத்தின் நிலை குறித்து அன்று ஏற்பட்டிருக்கக்கூடிய சில மாறுதல்கள்’ என்று ஓர் இடம் இருந்தது. விரலால் காட்டினேன்.

“திருப்பினது ஆர் எண்டும் இல்லை. ஒட்டினது ஆர், இலக்கம் எழுதினது ஆர் எண்டும் இல்லை.”

இல்லைத்தான். மூன்று நாள் எழுதியிருக்கிறேன். ஐந்து பக்கமும் என் துக்கம் இருந்தது. நான் செய்தது இருக்கவில்லை. இதை வேண்டுமென்று செய்தேன் என்று சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். எனக்குத் தெரியாமலே கை அதைச் சுற்றிப் போயிருந்தது.

அவள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேசையில் வைத்தாள். அவன் தமிழில் சொன்னான். நான் ஆங்கிலத்தில் சொல்ல அவள் எழுதினாள். வடக்கே பார்த்து நின்றது. கடல் பக்கம் என்றால் அப்போது நாலு ஏ. கப்டன் திருப்பச் சொன்னார். துண்டை ஒட்டியது நான், திருப்பிய பிறகு. இலக்கத்தை எழுதியது நான். விசாரணையில் அவன் சொன்னதை மறைத்தது நான். ஆறு வரி. ஒவ்வொரு வரிக்கும் அவன் தலையாட்டிய பிறகுதான் அடுத்ததுக்குப் போனோம். கீழே ஒப்பமிட்டேன். கோணலாக விழுந்த ஒப்பத்தைத் திருத்திப் போடவா என்று கேட்டேன். வேண்டாம், அது காணும் என்றான்.

அந்த ஆறு வரியோடு விண்ணப்பம் போனது. வேலை கிடைத்தது. இரண்டாம் வருடமே சோதனை எழுதி அனுமதிப்பத்திரமும் எடுத்துவிட்டான். என்னை அவன் மன்னித்தானா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அதைப் பற்றி அவன் யோசித்தானா என்பதே சந்தேகம். அவனுக்கு வேலை இருந்தது.

அன்று எழும்பி வரும்போது, என் ஐந்து பக்கங்களும் மேசையில் தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே கிடந்தன. மூன்று நாள் உழைப்பு, இரண்டு அகராதி. விட மனம் வரவில்லை. அதையும் பின்னால் சேர்த்து அனுப்பினால் ஒரு பின்னணி விளங்கும், மொழியும் பரவாயில்லை என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

அவள் கோப்பையை எடுத்துவிட்டு, தாள்களை ஒன்றாக மடித்து என் கையில் தந்தாள்.

“வேண்டாம் மாஸ்ரர். இதை வாசிச்சா அவங்கள் இவரை விட்டிட்டு உங்களை எல்லோ வேலைக்குக் கூப்பிடுவாங்கள்.”